நாச்சிமுத்து மெத்தையும் விழுங்கிய சொற்களும்

பொள்ளாச்சியில் ஜாதகம் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். சந்தையில் மாட்டுக்குப் பல் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். சொல் பார்க்கிறவள் தமயந்தி ஒருத்திதான். கோட்டூர் சாலையில் பம்புசெட் உதிரிபாகக் கடைக்கு மேலே அவளுடைய அலுவலகம். கடை முதலாளிகள் மாடியேறி வந்து, தங்கள் இணையக் கடைக்கு எந்தச் சொல் ராசியானது என்று கேட்பார்கள். ராசியெல்லாம் ஒன்றும் கிடையாது, வாங்க வருகிறவன் எதைச் சொல்லித் தேடுகிறானோ அதுதான் உங்கள் கடைக்கு வாசல் என்று அவளும் அலுக்காமல் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்படியும் சிலர் நல்ல நேரம் பார்த்துத்தான் படியேறினார்கள்.

தேங்காய்நார் மெத்தை செய்கிற நாச்சிமுத்துவும் நல்ல நேரம் பார்த்துத்தான் வந்தார். வரும்போதே நான்கு சொற்களோடு வந்தார். தரம், நம்பிக்கை, பாரம்பரியம், உலகத்தரம்.

"இதுல எது நல்லா ஓடுமுங்க?" என்றார்.

"எதுவும் ஓடாதுங்க."

"ஏனுங்க, எடுத்த எடுப்புல இப்படிச் சொல்லிப்போட்டீங்க!"

"இதெல்லாம் உங்களைப் பத்தி நீங்க நெனைக்கறதுங்க. வாங்கறவன் அவனைப் பத்தித்தான் நெனைப்பான். முதுகு புடிச்சுக்கிச்சு, திரும்பிப் படுக்க முடியல. அப்ப உங்க மனசுல 'பாரம்பரியம்'னா தோணும்?"

நாச்சிமுத்து கண்ணை மூடி, முதுகு பிடித்துக்கொண்ட மாதிரி உட்கார்ந்து பார்த்தார். நேர்மையான மனிதர். "'அய்யோ அம்மா'ன்னு தோணுமுங்க" என்றார்.

"அதுதாங்க சொல்லு."

"நம்ம கடைக்கு 'அய்யோ அம்மா'ன்னா போடச் சொல்றீங்க? ஊரு சிரிக்காதுங்களா?"

"சரி, வெறும் 'மெத்தை'ன்னு போடலாம். நாட்டுல இருக்கற பெரிய கம்பெனி அத்தனையும் அந்தச் சொல்லுக்கு வரிசை கட்டி நிக்குது. அந்த வரிசைல உங்க எடம் ஆழியாறு அணை தாண்டி வரும். பரவாயில்லீங்களா?"

நாச்சிமுத்து அரைமனதோடு ஒத்துக்கொண்டார். முதுகுவலி, பிள்ளைத்தாய்ச்சிப் படுக்கை, வெயில் காலத்தில் சூடாகாதது என்று அவள் பொறுக்கியெடுத்த சொற்களைப் போட்டார்கள். வியாபாரம் கொஞ்சம் நிமிர்ந்தது. ஆனால் கணக்கைப் பார்த்தபோது தமயந்திக்கு ஒரு சந்தேகம் வந்தது. கரும்புக்காட்டு வீதியிலிருந்து ஒரு ஆள் தினமும் தவறாமல் 'மெத்தை' என்று தேடுகிறார், நாச்சிமுத்து கடையைப் பார்க்கிறார், ஒன்றும் வாங்காமல் போய்விடுகிறார். கரும்புக்காட்டு வீதி நாச்சிமுத்து குடியிருக்கிற வீதி.

"நீங்களேதான் தேடறீங்களா?" என்று கேட்டாள்.

அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். "காப்பி குடிக்கறதுக்கு முன்னால ஒருக்கா மட்டுமுங்க. மொத எடத்துல வருதான்னு பாக்கறதுக்கு."

இந்த ஊரில் முதலாளி என்று பெயர் வாங்கிய எல்லோரும் செய்கிற கூத்து இது. தன் கடை வாசலில் தானே போய் நின்றுகொண்டு, கூட்டம் வருகிறது என்று சந்தோஷப்படுவது. அதனால் எந்தச் சொல்லுக்கு யார் வருகிறார்கள் என்கிற கணக்கு பாழாகிறது. தமயந்தி நன்றாகத் திட்டினாள். இனிமேல் தேடுவதில்லை என்று நாச்சிமுத்து குலதெய்வத்தின் மேல் ஆணையிட்டார்.

இதெல்லாம், ஊருக்கே தேடித் தருகிற 'துழாவி' கம்பெனி, ஆட்கள் விழுங்கிய சொற்களை விற்கத் தொடங்குவதற்கு முன்னால் நடந்தது.

அந்தக் காலத்தில் யாரும் தேடுவதற்கு விரலை அசைப்பதில்லை, வாயைத் திறப்பதுமில்லை. ஸ்டிக்கர் பொட்டு அளவில் ஒன்றைத் தாடைக்குக் கீழே ஒட்டிக்கொள்வார்கள். சொல்ல நினைத்ததுமே தொண்டை கொஞ்சம் அசைகிறது அல்லவா, அந்த அசைவைப் பொட்டு பிடித்துக்கொள்ளும். பதில் காதில் கேட்கும், வேண்டுமானால் மூக்குக்கண்ணாடியில் தெரியும். பொள்ளாச்சிக்காரர்கள் பொட்டிடமும் மரியாதையாகத்தான் பேசினார்கள். மனசுக்குள்ளேயே 'கொஞ்சம் மெத்தை காட்டுங்க' என்பார்கள். மிஷினுக்கு எதற்கு இத்தனை 'ங்க' என்று துழாவிக்காரர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டதாகப் பேச்சு.

"இப்ப புதுசா ஒண்ணு குடுக்கறாங்க" என்றாள் தமயந்தி நாச்சிமுத்துவிடம். "ஒண்ணு கேக்கோணும்னு உங்களுக்குத் தொண்டை வரைக்கும் வருது. சே, இதைப் போயிக் கேக்கறதான்னு முழுங்கிப்போடறீங்க. முழுங்கிட்டு வேற ஒண்ணைக் கேக்கறீங்க. இத்தனை நாளா நீங்க கேட்டதை மட்டும்தான் கடைக்காரங்களுக்குக் குடுத்தாங்க. இனி முழுங்கினதையும் குடுப்பாங்களாம்."

"தொண்டைக்குள்ளாற இருக்கறதையா? அது நாயமுங்களா?"

"சட்டப்படி சரிங்க. ஆளு பேரு வராது. வீதிப் பேரு மட்டும் வரும்."

"சட்டம் கெடக்குதுங்க. நாயமான்னு கேட்டேன்."

தமயந்தி கணக்கைத் திறந்தாள். திரையை அவர் பக்கம் திருப்பினாள். 'மெத்தை' என்று தேடுவதற்கு முன்னால் பொள்ளாச்சி என்னென்ன விழுங்கியிருக்கிறது என்று அதில் இருந்தது.

'ஃபேன் சண்டைக்கு ஒரு முடிவு சொல்லுங்க' என்று ஒருவர் விழுங்கியிருந்தார். 'இவரு கொறட்டைக்கு மருந்து வேண்டாமுங்க, செவுரு வேணும்' என்று ஒருத்தி. 'மாமியா வந்தா ஒண்ணாப் படுக்கற மாதிரி தெரியோணும், ஆனாத் தனித்தனியாப் படுக்கோணும், அப்படி ஏதாச்சும் இருக்குதுங்களா?' என்று இன்னொருத்தி. எல்லோரும் அதையெல்லாம் விழுங்கிவிட்டு, கடைசியில் யோக்கியமாக 'டபுள் மெத்தை' என்று தேடியிருந்தார்கள்.

நாச்சிமுத்து சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாயம் அநாயம் எல்லாம் அந்தச் சிரிப்பில் எங்கோ போய்விட்டது. ஊரே பக்கத்தில் பக்கத்தில் படுத்துக்கொண்டு மனசுக்குள் சுவர் கேட்டுக்கொண்டிருக்கிறது என்பது இரண்டு பேருக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதிலிருந்து பிறந்ததுதான் 'சேர்ந்தும் சேராமல்' மெத்தை. மேலே ஒரே உறை, உள்ளே இரண்டு மெத்தை. ஒருவர் புரண்டால் மற்றவருக்குத் தெரியாது. பார்க்கிறவர்களுக்கு ஒற்றை மெத்தைதான். குறட்டை, ஃபேன் சண்டை, போர்வை இழுப்பு என்று விழுங்கிய சொற்களையே தமயந்தி தேடுசொற்களாக வைத்தாள். கூட்டம் அள்ளிக்கொண்டு வந்தது. நாச்சிமுத்து ஆட்களைச் சேர்த்தார், கொட்டகையை நீட்டினார், தமயந்திக்குத் தீபாவளிக்கு முன்னாலேயே இனிப்புப் பெட்டி அனுப்பினார். அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இத்தனை சரியாக ஒரு ஊரின் மனசைப் படித்துச் சொல் பார்த்தவர்கள் யார் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகுதான் ஒவ்வொன்றாகக் கிளம்பியது. நெகமத்துக்காரர் ஒருவர் கடைக்கு வந்து, "என்ற சம்சாரம் மனசுல நெனச்சது உனக்கெப்படிய்யா தெரியும்?" என்று சட்டைக் கையை மடித்தார். அவர் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே சம்சாரம் பின்னால் மெத்தையை அமுக்கிப் பார்த்து விலை பேசி முடித்துவிட்டாள். அது சிரிப்பு. ஆனால் பேருந்தில் தமயந்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு டீச்சர் தாடைக்குக் கீழே இருந்த பொட்டைப் பிய்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டு சொன்னது சிரிப்பாக இல்லை.

"இப்பெல்லாம் சும்மா நெனைக்கறதுக்கே பயமா இருக்குதுங்க. ஏதாச்சும் நெனச்சா மெத்தைக்காரர் வந்துடறாரு."

தமயந்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மெத்தைக்காரரை அழைத்து வந்தது நான்தான் என்று அந்தம்மாளிடம் எப்படிச் சொல்வது?

நாச்சிமுத்துவின் மகள் இளவேனிலுக்குக் கல்யாணம் நிச்சயமானது அந்தச் சமயத்தில்தான். மாப்பிள்ளை ஹரிவர்தன் உடுமலைக்காரர். டென்மார்க்கில், கடலுக்குள் நட்டிருக்கிற காற்றாலைகளில் வேலை. இளவேனிலும் காற்றாலை இறக்கைக்குக் கணக்குப் போடுகிற படிப்புப் படித்தவள். கல்யாணம் முடிந்ததும் அவளும் அங்கேயே வேலைக்குப் போவதாகப் பேச்சு. நாச்சிமுத்து அழைப்பிதழை முதல் ஆளாகத் தமயந்திக்குத்தான் வைத்தார்.

அழைப்பிதழ் வந்த கொஞ்ச நாளில், காலைக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்த தமயந்தியின் கை நின்றுவிட்டது.

'கல்யாணத்தை நிறுத்தறதுக்கு என்ன வழிங்க?'

விழுங்கிய சொல். அதை விழுங்கிவிட்டு அந்த ஆள் தேடியது, 'மெத்தை'. வீதி, கரும்புக்காட்டு வீதி.

யாரோ விளையாட்டுக்கு நினைத்திருப்பார்கள் என்று விட்டுவிட்டாள். மறுநாளும் வந்தது. அதற்கடுத்த நாளும். சில நாள் 'தள்ளிப் போட முடியுமுங்களா?' என்று மாறும், பிறகு பழையபடி நிறுத்துவதற்கு வழி கேட்கும். அந்த வீதியில் கல்யாண வீடு ஒன்றுதான். சீர் மெத்தை பற்றி நினைக்கும்போதெல்லாம் பெண்ணுக்குத் தொண்டை வரைக்கும் வந்து நிற்கிறது போல என்று தமயந்தி முடிவு கட்டினாள்.

சொல் பார்க்கிற உரிமம் வாங்கும்போது கையெழுத்துப் போட்ட முதல் விதியே, பார்த்ததை வைத்து வியாபாரம் செய்யலாம், வெளியே பேசக் கூடாது என்பதுதான். பேசினால் உரிமம் போய்விடும். பேசாவிட்டால் ஒரு பெண் பிடிக்காத கல்யாணத்துக்குக் கழுத்தை நீட்டுவாள். தமயந்தியின் அக்கா அப்படி நீட்டியவள்தான். இன்றுவரை யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை, ஆனால் அவள் சிரித்தும் யாரும் பார்த்ததில்லை. அக்காவை நினைத்ததும் தமயந்திக்கு உரிமம் பெரிதாகத் தெரியவில்லை.

அன்று சாயங்காலமே நாச்சிமுத்து வீட்டுக்குப் போனாள்.

கூடத்தின் நடுவில் மெத்தையை விரித்துப்போட்டு, பெரிய ஊசியோடு நாச்சிமுத்து உட்கார்ந்திருந்தார். மகளுக்கான சீர் மெத்தை. அதை ஆட்களிடம் விடாமல் தானே தைத்துக்கொண்டிருந்தார். இல்லை, தைத்ததைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மணி" என்றாள் அவர் மனைவி வசந்தாமணி. "இந்தக் கொடுமையை நீங்களாச்சும் கேளுங்க. ஊருக்கெல்லாம் ஒரே நாள்ல மெத்தை தைக்கறவரு, மகளுக்கு மட்டும் தைக்கறதும் பிரிக்கறதுமாவே இருக்கறாரு. நாரு சரியில்லைங்கறாரு, ஓரம் கோணலுங்கறாரு. அவ படுக்கப் போறது டென்மார்க்குல. இது உடுமலைல மாப்பிள்ளை வீட்டுப் பரண்ல கெடக்கப் போவுது. அதுக்கு இத்தனை சோலி!"

"சீருன்னா சீரா இருக்கோணும்ல" என்றார் நாச்சிமுத்து, தலையை நிமிர்த்தாமல்.

தமயந்தி மாடிக்குப் போய், இளவேனிலின் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னாள்.

இளவேனில் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "நானா? அக்கா, மாப்பிள்ளையைப் புடிச்சதே நான்தான். அவரு ஒரு கருத்தரங்குல தப்பாக் கணக்குச் சொன்னாரு, நான் எந்திரிச்சுத் திருத்தினேன். அப்படி ஆரம்பிச்சது. வீட்டுல ஜாதகம் பாத்ததெல்லாம் அப்பறம்."

"அப்ப நீ அதை முழுங்கலையா?"

"எனக்கு முழுங்கற பழக்கமே இல்லைக்கா." சொல்லிவிட்டு அவள் முகம் மாறியது. "அப்ப யாரு? அம்மாவா?"

தமயந்தி அவசரமாக விடைபெற்றாள். கல்யாண வீட்டில் என்ன காரியம் செய்துவிட்டோம் என்பது படியிறங்கும்போதுதான் உறைத்தது.

அடுத்த நாள் மத்தியானம் வசந்தாமணி போன் செய்தாள். "உடனே வாங்க" என்ற குரலில் 'அம்மணி' இல்லை.

போய்ப் பார்த்தால் வீடு இரண்டாகக் கிடந்தது. உங்களுக்கு மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லையா அம்மா என்று மகள் கேட்டிருக்கிறாள். மகள் தன் மனசைத்தான் ஜாடையாகச் சொல்கிறாள் என்று அம்மா எடுத்துக்கொண்டாள். இல்லை இல்லை என்று மகள் சொல்லச் சொல்ல, பயந்துகொண்டு மறைக்கிறாள் என்று அம்மாவுக்கு நிச்சயமாகிவிட்டது. நாச்சிமுத்து கூடத்தில் மெத்தையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். ஊசி மட்டும் ஓடவில்லை.

"புடிக்காத எடத்துக்கு என்ற மகளை அனுப்ப மாட்டேனுங்க" என்றாள் வசந்தாமணி. "நாளைக்குக் காலைல உடுமலைக்குப் போறேன். வேண்டாம்னு சொல்லிப்போட்டு வந்தர்றேன். ஊரு பேசினாப் பேசட்டும்."

"அம்மா, நான் எத்தனை தடவை சொல்றது? எனக்கு அவரைப் புடிச்சிருக்குது!" இளவேனில் அழுதுகொண்டே கத்தினாள். "நீங்க போயி வேண்டாம்னு சொல்லிட்டா அதுக்கப்பறம் அந்த வீட்டுல நான் எப்படி மூஞ்சியைக் காட்டறது?"

"யாரு முழுங்கினதுன்னு நீங்க சொல்லுங்க" என்று வசந்தாமணி தமயந்தியின் பக்கம் திரும்பினாள். "நீங்க கெளப்பினதுதானே?"

"பேரு வராதுங்க. வீதி மட்டும்தான் வரும். 'மெத்தை'ன்னு தேடறதுக்கு முன்னால தெனமும்..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நடுவில் நிறுத்தினாள். எத்தனை நாளாக இந்தக் கணக்கைப் பார்க்கிறாள், இது எப்படித் தோன்றாமல் போனது? தன்னைத் தானே ஒரு அறை விட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

"ஏனுங்க வசந்தாமணியக்கா, உங்க வீட்டுல மெத்தை தேடறது யாருங்க?"

"மெத்தைக்காரன் வீட்டுல மெத்தையை எதுக்குத் தேடோணும்? தடுக்கி விழுந்தா மெத்தை மேலதான் விழுகோணும்" என்றாள் வசந்தாமணி.

சொல்லி முடித்த பிறகு அவளுக்கும் ஏதோ தட்டியது. மூன்று பெண்களும் மெல்லத் திரும்பி, கூடத்தின் நடுவில் இருந்தவரைப் பார்த்தார்கள். நாச்சிமுத்து ஊசியில் நூல் கோர்க்க முயன்றுகொண்டிருந்தார். நூல் ஏற்கெனவே கோர்த்துத்தான் இருந்தது. தாடைக்குக் கீழே பொட்டு இருந்தது.

"குலதெய்வத்து மேல ஆணை வெச்சீங்களே" என்றாள் தமயந்தி.

"காப்பிக்கு முன்னால ஒருக்கா மட்டுமுங்க" என்றார் அவர், குரலே இல்லாமல். "மொத எடத்துல வருதான்னு..."

"அதுக்கு முன்னால?"

அவர் ஊசியைக் கீழே வைத்தார். வசந்தாமணி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "ஏனப்பா?" என்றாள் இளவேனில். "அவரை உங்களுக்குப் புடிக்கலையா?"

"மாப்பிள்ளைக்கு என்ன கொறைச்சல்? தங்கமான பையன்." நாச்சிமுத்து எழுந்து நின்றார். முகம் சிவந்திருந்தது, கோபத்தாலா வெட்கத்தாலா என்று தெரியவில்லை. "நிறுத்தோணும்னு நான் நெனைக்கலை கண்ணு. காலைல எந்திரிச்சா அது தானா வருது. தொண்டை வரைக்கும் வருது. தப்புன்னு தெரிஞ்சு முழுங்கிப்போட்டுத்தான் கடையைத் தேடறேன். தெனமும் முழுங்கறேன்." தமயந்தியைப் பார்த்தார். "கேட்டவனைப் புடிக்கலாமுங்க. முழுங்கினவனையும் புடிப்பீங்களா? முழுங்கறதுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தானுங்க தெரியும்."

இளவேனில் ஒரு அடி முன்னால் வந்தாள்.

"நீ அத்தனை தூரம் போயிட்டா..." என்று மகளிடம் தொடங்கினார். அவர் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. அந்த மிச்சத்தையும் விழுங்கிவிட்டு, பின்கட்டு வழியாக நார்க் கொட்டகைக்குப் போய்விட்டார். நாள் முழுக்க வாயாலேயே மெத்தை விற்கிற மனிதருக்கு, சொந்த மகளிடம் அரை வாக்கியத்துக்கு மேல் வரவில்லை.

தமயந்திக்கு அன்றைக்குத் தன் தொழில் மேலேயே அருவருப்பாக இருந்தது. மனிதர்கள் விழுங்குவது மறைப்பதற்காக மட்டும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அடுத்தவர் நன்றாக இருக்கட்டும் என்றும் விழுங்குவார்கள் என்பதைத் துழாவியும் சொல்லவில்லை, அவளும் யோசிக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே தட்டில் கொட்டி விலை போட்டுவிட்டார்கள்.

மறுநாள் காலையில் அவள் அலுவலகத்தைத் திறக்கும்போதே நாச்சிமுத்து படியில் உட்கார்ந்திருந்தார். தாடையில் பொட்டு இல்லை. உடுமலைப் பயணம் நின்றுவிட்டதாம், கல்யாணம் நடக்குமாம். ஆனால் நேற்றிலிருந்து மகள் அவரிடம் பேசவில்லை, அவரும் அவளிடம் பேசவில்லை.

"அந்த முழுங்கின சொல்லு சமாச்சாரத்தை எடுத்துப்போடுங்க" என்றார். "அது வந்ததிலிருந்து மெத்தை நல்லா ஓடுது. வூட்டுலதான் யாருக்கும் தூக்கமில்லை."

"இப்பவே எடுத்தர்றேனுங்க" என்றாள் தமயந்தி. அவளே சொல்லலாம் என்றிருந்தாள். நிறுத்துவதற்காகக் கணக்கைத் திறந்தாள். அன்றைய காலையில் கரும்புக்காட்டு வீதியிலிருந்து ஒரு வரி வந்திருந்தது.

"நேத்து இத்தனை நடந்தும் காலைல தேடினீங்களா?"

"சத்தியமா இல்லீங்க! பொட்டையே பிச்சு எறிஞ்சுட்டேன்."

தமயந்தி அந்த வரியைப் படித்தாள். படித்துவிட்டு, திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

'அப்பா, இது மெத்தைக்காரருக்குப் போகும்னு தெரிஞ்சுதான் முழுங்கறேன். நேர்ல சொன்னா நான் அழுதுருவேன், நீங்க கொட்டகைக்கு ஓடிருவீங்க. அந்த மெத்தையை உடுமலைக்கு அனுப்பிப்போடாதீங்க. என்ற ரூம்புலயே கெடக்கட்டும். வருசா வருசம் வந்து அதுல படுத்துக்கறேன். இனி பிரிக்காதீங்க. ஓரம் கோணலா இருந்தாப் பரவாயில்லை.'

அதை விழுங்கிவிட்டு, ஒழுங்காக 'மெத்தை' என்று தேடியிருந்தாள். 'ங்க' கூடப் போட்டிருந்தாள்.

நாச்சிமுத்து ஒவ்வொரு சொல்லாக, உதடு அசைய, படித்தார். முடித்துவிட்டு மறுபடி மேலேயிருந்து படித்தார். பிறகு மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். கீழே பம்புசெட் கடையில் ஏதோ இரும்பைப் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் அவர் அழுதது யாருக்கும் கேட்டிருக்காது. தமயந்தி தண்ணீர் பிடித்து வருகிற சாக்கில் உள்ளே போய், தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

அதற்குள் திரையில் துழாவியின் யோசனை வந்து நின்றிருந்தது. துழாவிக்கு எதிலும் ஒரு வியாபாரம் தெரியும். 'அப்பா என்ற சொல்லுக்கும் உங்கள் பொருளுக்கும் நெருக்கமான தொடர்பு காணப்படுகிறது. இச்சொல்லைத் தேடுசொல்லாகச் சேர்க்கலாமா?'

தொழில்காரியாகப் பார்த்தால் அருமையான சொல். கல்யாணச் சீர் வாங்குகிற ஒவ்வொரு வீட்டிலும் அந்தச் சொல் ஒருமுறையாவது தொண்டைக்கு வரும். போட்டால் கோயம்புத்தூர் வரைக்கும் கூட்டம் வரும் என்று தமயந்திக்குத் தெரிந்தது. நாச்சிமுத்துவுக்கும் தெரிந்துதான் இருக்க வேண்டும், வியாபாரி அல்லவா.

"அதை மட்டும் விட்டுப்போடலாமுங்க" என்றார்.

தமயந்தி துழாவியிடம் வேண்டாம் என்று சொன்னாள். அது காரணம் கேட்டது. காரணமில்லை என்று சொன்னாள்.

"சரிங்க, மொத்தத்தையும் நிறுத்திடறேன்."

நாச்சிமுத்து அவசரமாகக் கையைத் தடுத்தார். "இருங்க, இருங்க. குறட்டை, ஃபேன் சண்டை, அதையெல்லாம் எடுத்துப்போடுங்க. இனி மத்தவங்க முழுங்கினதை எனக்குக் காட்டவும் வேண்டாம். ஆனா கணக்கை மூடாதீங்க. இந்தப் புள்ள... இன்னொருக்கா ஏதாச்சும் முழுங்கினா வர்றதுக்கு ஒரு வழி வேணுமில்லீங்க?"

அன்று வீட்டுக்குப் போனவர், சாயங்காலத்துக்குள் மகளின் மெத்தையைத் தைத்து முடித்தார். ஒரு ஓரம் நிஜமாகவே கொஞ்சம் கோணல்தான். சீர் என்றால் மெத்தை மாப்பிள்ளை வீட்டுக்குப் போயே ஆக வேண்டும் என்று சொந்தக்காரர்கள் பிடித்த பிடியில், உடுமலைக்கு வேறொரு மெத்தையை ஒரே நாளில் தைத்து அனுப்பினார். கல்யாணத்தில் பந்தி பந்தியாக நின்று பரிமாறினார். மகள் கிளம்பும்போது மட்டும் ஆளைக் காணோம். கொட்டகையில் இருந்தார் என்று வசந்தாமணி பிற்பாடு சொன்னாள்.

தமயந்தி வேறு எந்தக் கடைக்கும் விழுங்கிய சொற்களை வாங்குவதில்லை என்று முடிவெடுத்தாள். அதனால் சில முதலாளிகள் வேறு ஆளைப் பார்த்துப் போனார்கள். போகட்டும் என்று பழையபடி முதுகுவலியும் வெயில் காலமும் பார்த்துக்கொண்டிருந்தாள். உரிமத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவள் பேசியதைச் சொல்லக்கூடிய மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை.

'சேர்ந்தும் சேராமல்' மெத்தை என்னவோ தானாகவே ஓடியது. விழுங்கிக்கொண்டிருந்த ஊர், ஒருமுறை சிரித்துவிட்ட பிறகு, அதைக் கடையில் வாய்விட்டே கேட்கப் பழகிவிட்டது. நெகமத்துக்காரர் தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்து இன்னொன்று வாங்கிப்போனார்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒருநாள் நாச்சிமுத்து மாடியேறி வந்தார். நல்ல நேரமெல்லாம் பார்த்ததாகத் தெரியவில்லை. உட்கார்ந்ததும், "இன்னிக்கு என்ன வந்துச்சுங்க?" என்றார். அதற்குத்தான் அவர் வருவது. தன்னுடைய கண்ணாடியிலேயே பார்த்துக்கொள்ளலாம், ஆனால் இங்கே வந்து பார்ப்பதில்தான் அவருக்குத் திருப்தி.

டென்மார்க்கில், வாயில் நுழையாத பெயருள்ள ஒரு தெருவிலிருந்து, ஒரு ஆள் தினமும் தமிழில் 'மெத்தை' என்று தேடிக்கொண்டிருந்தாள். அதற்கு முன்னால் தினமும் ஏதாவது விழுங்கினாள். இங்கே காற்றுக்கு நிற்க முடியவில்லை, அவர் வைக்கிற ரசம் கஷாயம் மாதிரி இருக்கிறது, அப்பா நீங்கள் மாத்திரை சாப்பிட்டீர்களா? நாச்சிமுத்துவும் தன் பங்குக்குப் புதுப் பொட்டு ஒன்றை ஒட்டிக்கொண்டு, காப்பிக்கு முன்னால் பழையபடி தன் கடையைத் தேடினார். கணக்கு என்று ஒன்று அந்தக் கடைக்கு இருந்தால் அது முழுக்கப் பாழ். தமயந்தி ஒரு வார்த்தை திட்டவில்லை.

அன்று மகளுடைய வரிக்குக் கீழே துழாவியின் யோசனை ஒன்றும் இருந்தது. தமயந்தி அதை உரக்கப் படித்தாள்.

"'டென்மார்க்கில் உங்கள் மெத்தைக்குத் தொடர்ச்சியான தேவை காணப்படுகிறது. அங்கே ஒரு கிளை திறப்பது பற்றி யோசிக்கவும்.'"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நாச்சிமுத்து சிரிக்கவில்லை. துண்டின் நுனியைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் தொண்டை ஒருமுறை ஏறியது. வழக்கம்போல இறங்கிவிடும் என்று தமயந்தி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிளையெல்லாம் எதுக்குங்க" என்றார். "எனக்கு மகளைப் பாக்கோணும் போல இருக்குது. ஒருக்கா போயிப் பாத்துட்டு வந்தர்றேனுங்க."